ஹேவ்லாக்குக்கு மூன்று டிக்கெட்

கௌதம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பிப்ரவரியில், அவனுடைய பத்தாவது பிறந்தநாள் அன்றைக்கு, வீடியோ காலில் கேக்கைக் காட்டினான், புதுச் சட்டையைக் காட்டினான், அப்புறம் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "அப்பா, என் கிளாஸ் பையன் ஒருத்தன் அந்தமான் போய்ட்டு வந்திருக்கான்பா. ஹேவ்லாக்னு ஒரு தீவாம். இடுப்பு வரைக்கும் தண்ணில நின்னாகூட கால் வெரல் தெரியுமாம். மீன் வந்து காலைக் கடிக்குமாம். நாம போலாமா?" என்றான்.

"போலாம்டா" என்று சொல்லிவிட்டான் ஜெயப்பிரகாஷ்.

யோசித்துச் சொன்னதில்லை. மரக்காணம் உப்பளத்தின் நடுவில், வரப்பு மேல் நின்றுகொண்டு, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் மோட்டார் ரூம் சாவியுமாக வாயில் வந்ததைச் சொன்னான். பையன் "ஐயோ! ஐயோ!" என்று குதித்த குதியில் போன் எங்கேயோ விழுந்து, கொஞ்ச நேரம் ஒரு ஃபேன் மட்டும் சுற்றுவது தெரிந்தது. அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது இருந்த வீட்டுக்குள் அவன் போனதில்லை.

ஜெயப்பிரகாஷுக்கு நாற்பது வயது. பதினாறு வருஷமாக உப்பளத்தில் மேஸ்திரி. பாத்திக்குத் தண்ணீர் விடுவது, உப்பு வார ஆள் வைப்பது, லாரி வந்தால் லோடு ஏற்றி அனுப்புவது எல்லாம் அவன் பொறுப்பு. பிரியங்காவும் அவனும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கோட்டக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறாள். ஆரோவில்லில் ஒரு தையல் யூனிட்டில் வேலை. திண்டிவனம் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தபடி, மாதத்தில் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவன் வெளியே கூட்டிக்கொண்டு போகலாம். கோடை லீவில், மே மாதம் முதல் பதினைந்து நாள் பிள்ளைகள் அவனோடு இருக்க வேண்டும்.

முதல் வருஷம் பெரியவளுக்கு அம்மை போட்டுவிட்டது. போன வருஷம் வந்தார்கள். அதை நினைத்தாலே அவனுக்கு முகம் சுருங்கும். மே மாதம் உப்பளத்துக்கு உயிர் போகிற சீசன். விடிவதற்கு முன்னால் அவன் கிளம்பிவிடுவான். பிள்ளைகள் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்குள் வெந்துகொண்டு கிடந்தார்கள். பேச ஆளில்லை, டிவி ரிப்பேர். நாலாவது நாள் மதியம் அவன் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தபோது, பெரியவள் வினோதினி இரண்டு பேருடைய பையையும் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "அம்மா வர்றாங்கப்பா. தம்பிக்கு வேர்க்குரு ஜாஸ்தியா இருக்குது" என்றாள். அவனும் சரி என்றான். பதினைந்து நாளில் பதினொரு நாள் அப்படியே போயிற்று.

அதனால்தான் இந்த அந்தமானை அவன் அப்படிப் பிடித்துக்கொண்டான்.

மறுநாளே பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கலைமதியிடம் போய் உட்கார்ந்தான். பட்டா, சாதிச் சான்றிதழ் என்று அலைகிற கூட்டத்துக்கு நடுவில் அவன் அந்தமான் என்றதும் அவள் சிரித்துவிட்டாள். "அண்ணே, இங்க இருக்கற கடலு பத்தலியா உங்களுக்கு?" என்று கேட்டாலும், பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். சென்னையிலிருந்து ஃப்ளைட்டில் ரெண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேரில் இறங்கி ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் கப்பல். ஹேவ்லாக்குக்கு வேறு பேர் வைத்துவிட்டார்களாம், ஆனாலும் எல்லோரும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்களாம். மே கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். போனால் முதல் வாரமே போய்விட வேண்டும்.

மே மூன்றாம் தேதி போய், பத்தாம் தேதி திரும்புகிற மாதிரி மூன்று டிக்கெட் போட்டான். ஒரு டைரியில் எல்லாவற்றையும் எழுதினான். எந்த நாள் எந்த பீச், கப்பலில் வாந்தி வராமல் இருக்க என்ன மாத்திரை, ஃப்ளைட்டில் காது அடைத்தால் பையனுக்குக் கொடுக்க மிட்டாய். சீசனில் லீவு கேட்டதற்கு முதலாளி, "மேஸ்திரி இல்லாம மே மாசமா?" என்றார். கூட வேலை செய்யும் கலியபெருமாள்தான், "நான் பாத்துக்கறேங்க. பதினாறு வருசத்துல ஒரு நாளு கேட்டிருப்பானா அவன்?" என்று பேசிச் சம்மதிக்க வைத்தார்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. ஜெயப்பிரகாஷுக்கு நீச்சல் தெரியாது. கடற்கரை ஊரில் பிறந்தாலும் உப்பளத்துக்காரனுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. அவனுக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் கணுக்கால் அளவுதான். எட்டு நாள் பிள்ளைகளை அலையில் விட்டுவிட்டுக் கரையில் நிற்க முடியுமா? குப்பத்தில் தேவா என்று ஒரு கூட்டாளி, போட்டுக்குப் போகிறவன். அவனிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நாப்பது வயசுல நீச்சலா?" என்று தேவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆனாலும் முகத்துவாரத்துக்கு உள்ளே, அலை இல்லாத இடத்தில், வாரத்துக்கு நாலு நாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனான். "டேய், உடம்ப லேசா வுடுடா. எருமை மாதிரி வெறைச்சிக்கினு கெடந்தா எப்பிடி மெதக்கும்?" என்று திட்டித் திட்டி, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, மார்ச் முடிவதற்குள் இருபது முப்பது அடி போகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரை இருமித் துப்பிவிட்டு, ஜெயப்பிரகாஷ் கரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்த நாட்களும் உண்டு. அவனை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று தேவாவின் பெண்சாதிகூடச் சொன்னாள்.

மார்ச் மாதம் ரெண்டாவது ஞாயிறு. பாண்டிச்சேரி பீச்சில், மூன்று பேரும் கருங்கல் மேல் உட்கார்ந்துகொண்டு போனில் அந்தமான் வீடியோ பார்த்தார்கள். கௌதம் போனைப் பிடுங்கிக்கொண்டான். "அப்பா, இந்த போட்டுல நீ வருவியா? இதுல? இதுல?" என்று கேட்டு மாளவில்லை. வினோதினி ஒன்பதாவது முடிக்கப் போகிறாள். தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் புடிச்சிருக்காம்மா?"

"நல்லா இருக்குதுப்பா."

"போலாமா?"

"சரிப்பா."

அவள் எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். கோட்டக்குப்பத்துக்குப் போன பிறகு எப்போதோ 'நீங்க, வாங்க' ஆகிவிட்டது. இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் மரியாதை சொல்லிக் கொடுக்கிறார்கள், வளர்கிற பெண்தானே என்று அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கிளம்பும்போது அவளே இரண்டு கேள்வி கேட்டாள்.

"ரூமு எத்தனைப்பா?"

"ஒரே ரூம்தாம்மா. பெருசு. மூணு கட்டில் போட்டுக் குடுப்பாங்களாம்."

"அங்கேர்ந்து அம்மாவுக்குப் போன் பண்ணலாமா?"

"அந்தத் தீவுல டவர் சரியாக் கெடைக்காதாம்மா. எட்டு நாளு போனத் தூக்கிப் போட்டுட்டு ஜாலியா இருப்போமே!" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவளாகக் கேள்வி கேட்டதிலேயே அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி டைரியில் 'வினோ, ரூம் பற்றிக் கேட்டாள்' என்று எழுதி வைத்தான்.

ஏப்ரலில் பரீட்சை என்று ரெண்டாவது ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது வாரம் பிரியங்கா போன் பண்ணினாள். பிள்ளைகள் விஷயமாக அவள் மெசேஜ் அனுப்புவாள், போன் பண்ண மாட்டாள். அவள் பெயரைப் பார்த்ததும் அவன் லாரிக்காரனை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனான்.

"பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. ரெண்டு வாரமா சரியாச் சாப்புடறதில்ல. சாப்புட்டாலும் வாந்தி எடுக்கறா. டாக்டருகிட்ட காட்டிட்டேன், ஸ்கேன்கூட எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"நேத்துதான் சொன்னா. நான் சொல்றதவிட அவளே உங்ககிட்ட சொல்லட்டும். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க."

வீட்டுக்கு வாங்க என்று அவள் சொன்னதே அவனை பயமுறுத்தியது. மூன்று நாளாக என்னென்னவோ நினைத்தான். யாராவது பையன் தொந்தரவு கொடுக்கிறானோ, பரீட்சையில் போய்விட்டதோ, வேறு ஏதாவது பெரிய வியாதியோ. அந்தமானுக்கு என்று வாங்கி வைத்திருந்த மூன்று தொப்பியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பஸ்ஸைப் பிடித்தான்.

மசூதித் தெருவில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள். மேலே ஒரு ஹாலும் கிச்சனும் சின்ன ரூமும். அந்த ஃபேனை அவன் நிமிர்ந்து பார்த்தான். பிரியங்கா பிளாஸ்டிக் சேரைப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கௌதமிடம் பால் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கிச்சனுக்குள் போய் நின்றுகொண்டாள். கதவைச் சாத்தவில்லை.

வினோதினி எதிரே பாயில் உட்கார்ந்தாள். முகம் பாதியாகியிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது.

"அப்பா, கோச்சிக்க மாட்டீங்களே?"

"நான் ஏம்மா கோச்சிக்கப் போறேன்? சொல்லு."

"அந்தமானுக்கு வர எனக்கு பயமா இருக்குது."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா! அவனையும் மீறிச் சிரித்துவிட்டான். "அட, இதுக்கா சாப்புடாம கெடந்த? கடலு பயம்தானே? அப்பா நீச்சல் கத்துக்கினேன் தெரியுமா உனக்கு? தேவா மாமாதான் கத்துக் குடுத்தாரு. உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் எறக்குவாங்க. முட்டி அளவுக்கு மேல நான் வுடவே மாட்டேன்…"

"கடல் இல்லப்பா."

"ஃப்ளைட்டா?"

"ஃப்ளைட்டும் இல்ல." அவள் பாயின் ஓரத்தில் ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான்பா."

கிச்சனில் குழாய் நின்றது.

"அன்னிக்கி நீங்க அம்மாவ அடிச்சப்போ நான் கௌதமைத் தூக்கிக்கினு பாத்ரூமுக்குள்ள போய்த் தாப்பாப் போட்டுக்கினேன். அவன் கத்தறான்னு அவன் வாயப் பொத்திக்கினு இருந்தேன். அப்புறம் அம்மா தெருவுக்கு ஓடினதும் பக்கத்து வீட்டு அந்தோணியம்மா அக்கா வந்தாங்க. காலைல பஸ்ஸு ஏறி வந்துட்டோம்." மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைப் போல வரிசையாகச் சொன்னாள். "அது ஊருப்பா. பக்கத்துல வீடு இருந்துச்சி, பஸ்ஸு இருந்துச்சி. அங்க தீவு. ரூமு ஒண்ணுதான்னு சொன்னீங்க. போனும் எடுக்காதுன்னீங்க. உங்களுக்குக் கோவம் வந்துட்டா நான் தம்பியக் கூட்டிக்கினு எங்கப்பா போவேன்? சுத்தியும் தண்ணி."

"வினோ…"

"மேப்புல பாத்தேன். அங்க போலீஸ் ஸ்டேஷன் இருக்குது. ஆனா நீங்க புக் பண்ண ரூமுலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர். கப்பலும் ரெண்டு மணிக்கு மேல கெடையாது."

இரண்டு மாதமாக அவனும் அதே மேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பீச்சுக்கு எத்தனை கிலோமீட்டர், ஓட்டலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. அதே தீவில் அவன் பெண் வேறு ஒரு வழியைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறாள். சாப்பிட்டதை வாந்தி எடுத்துக்கொண்டு.

அன்றைக்கு நடந்ததை அவன் தனக்குள் ஒரு விதமாகச் சொல்லி வைத்திருந்தான். ராத்திரியில் திடீர் மழை. வாரிக் குவித்த உப்பு மூடுவதற்குள் கரைந்துபோனது. முதலாளி எல்லோர் எதிரிலும் கண்டபடி திட்டினார். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தபோது பிரியங்கா வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஒரு அறை விட்டான். ஒன்றே ஒன்று. இப்படித்தான் கோர்ட்டிலும் சொன்னான், தேவாவிடமும் சொன்னான். அதில் பாத்ரூம் இல்லை. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பதினொரு வயசுப் பெண் நின்றது இல்லை. பிரியங்கா தெருவுக்கு ஓடியது இருந்தது, ஆனால் அது அவளுடைய பிடிவாதமாக இருந்தது. ஒரு அறைக்கு யாரும் தெருவுக்கு ஓடுவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"அப்பா இனிமே அப்பிடியெல்லாம் பண்ணவே மாட்டேம்மா" என்றான்.

"தெரியும்பா."

"சத்தியமா."

"தெரியும்பா. நீங்க எவ்ளோ ஆசையா எல்லாம் பண்றீங்கன்னு தெரியும். அதான் சரின்னு சொன்னேன். ஆனா வயித்துல என்னமோ பண்ணுதுப்பா. நான் வேணும்னு பண்ணல." அவள் அழ ஆரம்பித்தாள்.

எழுந்து போய்த் தலையைத் தடவலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கை பாதி எழும்பியது. எழும்பிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முட்டி மேல் வைத்துக்கொண்டான்.

பிரியங்கா வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்துப் பேசினான். உளறினான் என்றுதான் சொல்ல வேண்டும். ரெண்டு ரூம் எடுக்கலாம். பாப்பாவும் தம்பியும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கட்டும். போர்ட் பிளேரிலேயே இருக்கலாம், அங்கே டவர் கிடைக்கும், பஸ் இருக்கிறது. வேண்டாம், கலியபெருமாள் பெண்சாதியைக் கூட அழைத்துக்கொள்ளலாம். கடைசியில், "இல்லன்னா நீயும் வா. நான் தனியா எங்கியாவது தங்கிக்கறேன். பகல்ல மட்டும் வந்து பிள்ளைங்களப் பாத்துட்டுப் போறேன்" என்றான்.

"நான் வர மாட்டேங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க நீச்சல் கத்துக்கறது, டைரி எழுதறது எல்லாம் கௌதம் சொன்னான். நான் சந்தோசப்பட்டேன். போகட்டும்னுதான் நெனச்சேன். இவளுக்கு முடியல. இதுல நீங்க பண்ணறதுக்கு ஒண்ணும் இல்ல. எதையாவது பண்ணிச் சரி பண்ணிடலாம்னு பாக்காதீங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

அவளுக்கும் தெரியவில்லை.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. கௌதம் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தான். வந்தவுடன் தொப்பிப் பையைப் பார்த்துவிட்டான். ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, "எனக்கு நீலம்! அக்காவுக்கு இது!" என்றவன், அக்கா அழுவதைப் பார்த்து நின்றான். "என்னாச்சு?"

அவனே கண்டுபிடித்தான். "போகலையா? அந்தமான் போகலையா? இவ வரலன்னு சொல்லிட்டாளா?"

"டேய், அக்காவுக்கு ஒடம்பு சரியில்லடா…" என்று பிரியங்கா ஆரம்பித்தாள்.

"பொய்! இவ வேணும்னே பண்றா! என் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!" என்று கத்திக்கொண்டே பால் பாக்கெட்டை வீசிவிட்டு, வினோதினியின் முதுகில் இரண்டு கையாலும் மொத்தினான். ஒரு அடி, இரண்டு அடி. அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

ஜெயப்பிரகாஷ் சேரிலிருந்து பாய்ந்தான். பையனுடைய கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்தான். தடுக்க வேண்டும் என்ற எண்ணம் தவிர வேறு எதுவும் அவன் மனசில் இல்லை. ஆனால் அவன் எழுந்த வேகத்தில் சேர் பின்னால் போய் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு வினோதினி தம்பியைத் தன் பக்கம் வாரி எடுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். இதுவரைக்கும் தன்னை அடித்துக்கொண்டிருந்தவனையே பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டாள். மூன்று பேரும் அவன் கையைப் பார்த்தார்கள். பிரியங்காகூட.

அவன் கையைக் கீழே இறக்கினான். இரண்டு அடி பின்னால் போய் நின்றான். தரையில் பால் ஓடி அவன் காலுக்குக் கீழே வந்தது.

"டேய் கௌதம்" என்றான், நின்ற இடத்திலிருந்தே. "அக்கா மேல தப்பு இல்லடா. எனக்கு லீவு கெடைக்கல. உப்பு சீசன்ல மேஸ்திரி போகக்கூடாதுன்னுட்டாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். கோவம்னா என்மேல கோச்சிக்க."

பையன் அவனையே பார்த்தான். "நீ போலாம்னு சொன்னியே" என்றான்.

கௌதம் தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ரூமுக்குள் போய்விட்டான். பிரியங்கா துணி கொண்டுவந்து பாலைத் துடைத்தாள். அவன் குனிந்து சேரை நிமிர்த்தி வைத்தான். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான்.

திங்கட்கிழமை கலைமதியிடம் போய் கேன்சல் பண்ணச் சொன்னான். என்ன ஆச்சு என்று கேட்டாள். "பிள்ளைங்களுக்கு முடியல" என்றான். முதலாளியிடம் லீவு வேண்டாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மே மூன்றாம் தேதி வெயில் நன்றாகக் காய்ந்தது, உப்பு நன்றாக இறங்கியது. நாலு லாரி லோடு ஏற்றி அனுப்பினான். கலியபெருமாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தேவா இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் முகத்துவாரத்துக்குப் போகவில்லை.

கோர்ட் கொடுத்த பதினைந்து நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று அவனே பிரியங்காவுக்கு மெசேஜ் போட்டான். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான். சாயங்காலம்தான் பதில் வந்தது. 'காலை பத்து மணிக்கு வாங்க. நான் இருப்பேன்.'

மே மாதம் ரெண்டாவது ஞாயிறு போனான். கௌதம் ரூமை விட்டு வெளியே வரவில்லை. அவன் வாசலில் நின்று, "டேய் தம்பி, பரோட்டா சாப்பிடப் போலாமா?" என்றான். "வேணாம்." "கிரிக்கெட்?" "வேணாம்." வினோதினி ஹாலில் உட்கார்ந்து அவனோடு டிவி பார்த்தாள். சாப்பிட்டாளா என்று கேட்டான். ரெண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். வாந்தி நின்றுவிட்டதாம். சந்தோஷப்படுவதா என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பிளான் பண்ணியதை நிறுத்தியதும் அவளுக்கு உடம்பு தேறிவிட்டது.

மத்தியானம் கிளம்பினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்பா" என்றாள். பிரியங்கா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் இரண்டு பேரும் ஒரு ஆள் இடம் விட்டு நடந்தார்கள். ஈ.சி.ஆரில் கார்கள் பாண்டிச்சேரிப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. லீவுக்கு வருகிற கூட்டம். நிழற்குடையில் யாருமில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"அன்னிக்கி அம்மாவ ஏன் அடிச்சீங்க?"

மூன்று வருஷத்தில் இந்தக் கேள்வியை வக்கீல் கேட்டிருக்கிறார், மாமனார் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அவனிடம் பதில் இருந்தது. மழை, உப்பு, முதலாளி. வாயைத் திறந்தான். இவளிடம் சொல்வதற்கு அது வரவில்லை. முதலாளியைத் திட்டியிருக்கலாம், மழையைத் திட்டியிருக்கலாம், வரப்பு மேல் உட்கார்ந்து அழுதிருக்கலாம். வீட்டுக்கு வந்து பிரியங்காவை அடித்தான். ஏன்?

"தெரியலம்மா" என்றான்.

வினோதினி அவன் முகத்தைப் பார்த்தாள். நேருக்கு நேர் அவள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"யோசிச்சிச் சொல்லுங்க" என்றாள். "அடுத்த வாரம் வர்றப்போ சொல்லுங்க."

திரும்பி நடந்துவிட்டாள். மரக்காணம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் நகரவில்லை. பஸ் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க அவன் யோசித்தான். பாத்திக்குத் தண்ணீர் விடும்போது யோசித்தான், லாரிக்குப் பின்னால் நிற்கும்போது யோசித்தான். ஒவ்வொன்றாக எடுத்துத் தனக்குள் அவளிடம் சொல்லிப் பார்த்தான். சொல்லி முடிப்பதற்குள் அது வேறு யார் மேலோ பழி போடுவதாக ஆகிவிடும். அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். சனிக்கிழமை ஆகியும் அவன் கையில் ஒன்றும் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு சட்டை போட்டுக்கொண்டு, அப்படியே கிளம்பிப் போனான்.